65 டாலர் வித்தியாசம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வைத்தியப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் வயதில் பிள்ளைகளை உடைய வீடுகளில், அவை நியூஜெர்ஸியில் குடியேறிய தமிழர் வீடுகளாயினும் சரி, நான்கு தலைமுறையாக ஓஹையோவிலேயே வாழ்ந்து வரும் வெள்ளையர் வீடுகளாயினும் சரி, ஓர் அபிப்பிராயம் வேதவாக்கியத்துக்கு நிகராக நிலைபெற்றிருக்கிறது. எம்.டி. என்பது வைத்தியனுக்குரிய பட்டம், டி.ஓ. என்பது அது கிடைக்காதவனுக்கு ஆறுதலாகக் கொடுக்கப்படும் பட்டம் என்பதே அது. டி.ஓ. பட்டத்துக்கு மூலமான ஆஸ்டியோபதி என்பது முதுகெலும்பை நீவிவிட்டு நோய் தீர்ப்பதாகச் சொன்ன ஒரு கிராமத்து வைத்தியரின் கற்பனையில் பிறந்தது என்பதும், அதன் கல்லூரிகளில் சேருவோர் அலோபதிக் கல்லூரிகளால் தள்ளப்பட்டவர்கள் என்பதும், அந்தப் பட்டத்தோடு வெளியே வருபவனுக்கு நல்ல ஆஸ்பத்திரிகள் கதவைத் திறப்பதில்லை என்பதும் இந்த அபிப்பிராயத்துக்கு ஆதாரங்களாகச் சொல்லப்படுகின்றன. இம்மூன்றிலும் சிறிது உண்மை கலந்திருப்பதனாலேயே இதை மறுப்பது சிரமமாயிருக்கிறது. சிறிதும் கலவாதிருந்தால் மறுக்க வேண்டிய அவசியமே நேர்ந்திராது.

தமிழ்நாட்டு வாசகருக்கு முதலில் ஒரு விளக்கம் சொல்லியாக வேண்டும். நம் தேசத்தில் எம்.டி. என்பது எம்.பி.பி.எஸ். முடித்தபின் பெறும் மேற்பட்டம். அமெரிக்காவிலோ அதுதான் வைத்தியனின் முதற்பட்டம். சாதாரணக் கல்லூரியில் நான்கு வருஷம் படித்த பிறகு வைத்தியக் கல்லூரியில் மேலும் நான்கு வருஷம் படித்துப் பெறுவது. டி.ஓ. பட்டமும் இவ்வாறே பெறப்படுவது. உடற்கூறு, உடலியங்கியல், நோய்க்கூறு, மருந்தியல் என்ற பாடங்களில் இரண்டு வருஷமும், ஆஸ்பத்திரி வார்டுகளில் இரண்டு வருஷமும் கழிகின்றன, டி.ஓ. மாணவன் இவற்றோடுகூட, எலும்பையும் தசையையும் கையால் தொட்டறிந்து சிகிச்சை செய்யும் முறையைச் சுமார் 200 மணி நேரம் கற்றுக்கொள்கிறான். மருந்து எழுதவும், வயிற்றைக் கிழித்துத் தைக்கவும், பிரசவம் பார்க்கவும் இரு பட்டத்தாருக்கும் ஐம்பது மாகாணங்களிலும் ஒரே உரிமைதான். இங்கிலாந்தில் நிலைமை வேறு. 1993-ஆம் வருஷச் சட்டத்தின்படி அங்கே ஆஸ்டியோபத் என்று பதிவு செய்துகொண்டவர் கையால் நீவிச் சிகிச்சை செய்பவரேயன்றி வைத்தியர் அல்லர். இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணிக்கொண்டு, "புத்தூர்க் கட்டுப் போடுவதற்கா பிள்ளையை அமெரிக்காவில் படிக்க வைக்கிறாய்?" என்று ஊரிலிருந்து போன் செய்து கேட்கும் பெரியப்பாக்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இனி, பிறப்பைப் பற்றிய குற்றச்சாட்டுக்கு வருவோம். ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1828-இல் வர்ஜீனியாவில் பிறந்தவர். அக்காலத்து எல்லைப்புற வழக்கப்படி பெரும்பாலும் தகப்பனாரோடு கூடவே இருந்து வைத்தியம் கற்றவர். உள்நாட்டு யுத்தத்தில் வடவர் பக்கம் சேவை செய்தவர். 1864-இல் மூளைச்சவ்வுக் காய்ச்சல் அவருடைய வீட்டில் புகுந்து மூன்று குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. அக்காலத்து வைத்தியர்களிடம் இருந்த ஆயுதங்கள் யாவை? பாதரச உப்பாகிய கலோமெல், பேதி மருந்து, வாந்தி மருந்து, அபின், ரத்தத்தை வடித்தல் என்பவையே. இவற்றைக் கையாண்டு இவற்றின் பயனின்மையைத் தம் வீட்டிலேயே கண்ட ஒருவர், மருந்தென்பதே வேண்டாம், உடலின் கட்டமைப்பைச் சீர்செய்தால் உடல் தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும் என்ற முடிவுக்கு வந்ததில் ஆச்சரியமில்லை. 1874-இல் அவர் தம் சித்தாந்தத்தை வெளியிட்டார். 1892-இல் மிஸூரி மாகாணத்துக் கிர்க்ஸ்வில் என்ற சிற்றூரில் பள்ளிக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். அதன் முதல் வகுப்பிலேயே பெண்களையும் சேர்த்துக்கொண்டார்.

அந்தச் சித்தாந்தம் பிழையானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தொற்றுநோய்களுக்கு முதுகெலும்பின் பிறழ்ச்சியே மூலகாரணம் என்பதைக் கிருமிகளின் சரித்திரம் அறிந்த எவரும் ஒப்பமாட்டார். ஸ்டில்லின் சிஷ்யர்களே அதை மெல்ல மெல்லக் கைவிட்டார்கள். 1930-கள் முடிவதற்குள் அவருடைய வழிவந்த கல்லூரிகளில் மருந்தியல் முறையான பாடமாகிவிட்டது. ஆனால் ஒரு கல்வியை அதன் ஸ்தாபகரின் பிழைகொண்டு நிராகரிப்பது நியாயமானால் அந்த நியாயம் எதிர்த்தரப்புக்கும் செல்ல வேண்டுமல்லவா? 1793-இல் பிலடெல்பியா நகரத்தில் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது, சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களுள் ஒருவரும் அக்காலத்து அமெரிக்க வைத்தியர்களுள் தலைசிறந்தவர் என்று போற்றப்பட்டவருமாகிய பெஞ்சமின் ரஷ், நோயாளிகளின் ரத்தத்தைப் படி படியாக வடித்தும் பாதரசத்தைக் கொடுத்துப் பேதியாக்கியும் சிகிச்சை செய்தார். அவர் எம்.டி. பட்டம் பெற்றவர். அதற்காக இன்றைய எம்.டி. படிப்பை ரத்தம் வடிப்போரின் படிப்பு என்று எவரும் ஏளனம் செய்வதில்லை.

1910-இல் ஆபிரகாம் பிளெக்ஸ்னர், கார்னெகி ஸ்தாபனத்துக்காக அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 வைத்தியப் பள்ளிகளைச் சுற்றிப் பார்த்து எழுதிய அறிக்கையை இவ்விடத்தில் ஆஸ்டியோபதியின் விரோதிகள் எடுத்துக்காட்டுவது வழக்கம். அவர் ஆஸ்டியோபதிப் பள்ளிகளைக் கடுமையாகக் கண்டித்தது வாஸ்தவம். கண்டிக்கத் தக்க நிலையில்தான் அவை இருந்தன. ஆனால் அதே அறிக்கையில், 155 பள்ளிகளில் 31 மட்டுமே இருந்தால் போதும், மற்றவற்றை மூடிவிடலாம் என்று அவர் சிபாரிசு செய்திருப்பதை இவர்கள் எடுத்துச் சொல்வதில்லை. ஆய்வுக்கூடம் என்ற பெயரில் ஒரு வெற்றறையையும் நூலகம் என்ற பெயரில் ஓர் அலமாரியையும் வைத்துக்கொண்டு எம்.டி. பட்டம் விற்றுக்கொண்டிருந்த கடைகள் அன்று எத்தனையோ! இரண்டு தரப்பும் அழுக்கில் கிடந்து, இரண்டு தரப்பும் கழுவிக்கொண்டன. ஒரு தரப்பு முன்னதாகக் குளித்தது, மற்றது சற்றுப் பிந்திக் குளித்தது என்பதே பேதம்.

சரித்திரத்திலிருந்து பேச வேண்டுமானால், கலிபோர்னியாவில் நடந்ததை முழுவதும் சொல்லிவிடுவது நல்லது. இந்த வாதத்தில் அதற்கு ஈடான சாட்சியம் வேறொன்று கிடையாது. அமெரிக்க வைத்திய சங்கம் நெடுங்காலமாக ஆஸ்டியோபதியை ஒரு மூடச் சமயக் கூட்டமாகவே பாவித்து வந்தது, டி.ஓ. ஒருவருடன் தொழில்முறையில் கலந்து பழகுவதே எம்.டி.க்கு ஒழுக்கக்கேடு என்பது அச்சங்கத்தின் விதி. 1950-களில் அச்சங்கத்தின் முன்னாள் தலைவரான ஜான் கிளைன் என்பவருடைய தலைமையில் ஒரு குழு, அப்போதிருந்த ஆறு ஆஸ்டியோபதிக் கல்லூரிகளில் ஐந்தை நேரில் போய்ப் பார்த்து, அங்கே நடப்பது மூடக்கொள்கைப் பிரசாரம் அன்று, வைத்தியப் போதனையே என்று 1955-இல் அறிக்கை கொடுத்தது. தன் முன்னாள் தலைவர் கண்ணால் கண்டு சொன்னதைச் சங்கத்தின் பிரதிநிதி சபை ஏற்கவில்லை.

அப்படி ஏற்க மறுத்து ஆறு வருஷம்கூட நிறையவில்லை. ஆஸ்டியோபதி வைத்தியர்கள் மிகுதியாக வாழ்ந்த கலிபோர்னியாவில், எம்.டி.க்களின் மாகாண சங்கமும் டி.ஓ.க்களின் மாகாண சங்கமும் 1961-இல் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்த ஆஸ்டியோபதிக் கல்லூரி எம்.டி. கல்லூரியாக மாற்றப்பட்டது, பிற்பாடு அதுவே இர்வைனில் உள்ள மாகாணப் பல்கலைக்கழகத்தின் வைத்தியக் கல்லூரியாயிற்று. மாகாணத்தில் தொழில் நடத்திக்கொண்டிருந்த டி.ஓ.க்களில், சுமார் இரண்டாயிரம் பேரில் மிகப் பெரும்பான்மையோர், 65 டாலர் கட்டணம் செலுத்தி 1962-இல் எம்.டி. பட்டம் பெற்றுக்கொண்டார்கள். புதிதாக ஒரு சவத்தை அறுத்துப் படித்தார்களா? இல்லை. வார்டில் மறுபடியும் இரண்டு வருஷம் உழன்றார்களா? அதுவும் இல்லை. நேற்றுவரை எந்த மனிதரோடு பேசுவது ஒழுக்கக்கேடு என்று சொல்லப்பட்டதோ, அந்த மனிதர், அதே கையோடும் அதே மூளையோடும், அதே நோயாளிகள் காத்திருக்கும் அதே அறைக்குள் எம்.டி.யாக நுழைந்தார், பெயர்ப்பலகை எழுதுகிறவனுக்கு மட்டும் புதிதாக வேலை கிடைத்தது. அந்த வருஷம் நவம்பர் மாதத்தில் ஜனங்கள் வாக்களித்து, இனி டி.ஓ. பட்டத்தாருக்குப் புதிதாக அனுமதி வழங்குவதில்லை என்றும் விதித்துக்கொண்டார்கள். அவ்விதி பன்னிரண்டு வருஷம் நடைமுறையில் இருந்து, 1974-இல் மாகாணத்தின் உச்ச நீதிமன்றத்தால் தள்ளுபடியாயிற்று.

இந்தச் சம்பவத்திலிருந்து இரண்டில் ஒன்றையே முடிவாகக் கொள்ளலாம். அந்த இரண்டாயிரம் பேரும் 1961-இல் தகுதியற்ற போலி வைத்தியர்களாக இருந்திருந்தால், அவர்களுக்கு எம்.டி. பட்டத்தை 65 டாலருக்குக் கொடுத்தவர்கள் அந்தப் பட்டத்தைத் தாங்களே சந்தையில் வைத்து விற்றவர்களாகிறார்கள். அவர்கள் தகுதியுள்ள வைத்தியர்களாகவே இருந்திருந்தால், அதுவரை சொல்லப்பட்டதெல்லாம் தொழிற்போட்டியில் எழுந்த தூஷணை ஆகிறது. மூன்றாவது வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. வேடிக்கை என்னவென்றால், பட்டம் மாறிய பிறகும் அவர்களைச் 'சின்ன எம்.டி.' என்று பரிகசித்தவர்கள் இருந்தார்கள். கேட்ட எழுத்தை வாங்கிக் கொடுத்தாலும் துவேஷம் அடங்கவில்லை என்றால், அந்தத் துவேஷம் எழுத்தைப் பற்றியது அன்று என்று அறிந்துகொள்ளலாம்.

யுத்தமும் இதே பாடத்தைத்தான் போதித்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் டி.ஓ.க்களை ராணுவ வைத்திய அதிகாரிகளாக நியமிக்க மறுத்தார்கள், அவர்களோ, எம்.டி.க்கள் போர்முனைக்குப் போய்விட்ட ஊர்களில் தங்கி, அந்த நோயாளிகளைக் கவனித்து, யுத்தம் முடிந்தபின் அந்தக் குடும்பங்களையே நிரந்தர நோயாளிகளாகப் பெற்றார்கள்! வியத்நாம் யுத்தத்தில் வைத்தியர்களுக்குப் பஞ்சம் ஏற்பட்டதும், 1966-இல் பாதுகாப்பு மந்திரி மக்னமாரா அவர்களைச் சமமாக ஏற்க உத்தரவிட்டார். முப்பது வருஷம் கழித்து, 1996-இல், அமெரிக்கத் தரைப்படையின் வைத்தியத் துறைக்கே தலைவராக வந்த ரொனால்ட் பிளாங்க் ஒரு டி.ஓ.

சரித்திரம் போகட்டும், இன்றைய மாணவனின் மதிப்பெண்ணைப் பாருங்கள் என்பார்கள். பார்ப்போம். 528-ஐ உச்சமாகக் கொண்ட நுழைவுத் தேர்வில் எம்.டி. கல்லூரிகளில் சேருவோரின் சராசரி 511-ஐ ஒட்டியும், டி.ஓ. கல்லூரிகளில் சேருவோரின் சராசரி 504-ஐ ஒட்டியும் இருக்கின்றன. வித்தியாசம் இருக்கிறது, அதை மறைப்பதில் பயனில்லை. எம்.டி. கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்போரில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே இடம் கிடைக்கிறது. மிஞ்சியோரில் பலர் டி.ஓ. கல்லூரிகளுக்கு வருகிறார்கள் என்பதும் மெய். ஆனால் இருபத்திரண்டாம் வயதில் ஒரு சனிக்கிழமை காலையில் எழுதிய பரீட்சையில் ஏழு மதிப்பெண் குறைந்தவன், முப்பத்தைந்தாம் வயதில் ஒரு கிழவியின் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டதைக் கண்டறியத் தவறுவான் என்று சொல்வதற்கு, அந்த ஏழு மதிப்பெண்ணுக்கும் அந்த நுரையீரலுக்கும் இடையிலுள்ள பதின்மூன்று வருஷத்தில் அவனுக்கு ஒன்றுமே நிகழவில்லை என்று நம்ப வேண்டும்.

நிகழ்வது என்ன என்பதைச் சற்று அருகில் சென்று பார்க்கலாம். கல்லூரியை விட்டு வெளியே வந்தவுடன் எவனும் அமெரிக்காவில் தனியாக வைத்தியம் பார்த்துவிட முடியாது. பட்டம் எதுவாயினும் ரெசிடென்சி என்ற ஆஸ்பத்திரிப் பயிற்சியில் புகுந்து, குடும்ப வைத்தியமானால் மூன்று வருஷமும் மூளை அறுவைச் சிகிச்சையானால் ஏழு வருஷமும், வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற உச்சவரம்பைத் தொட்டும் தொடாமலும் உழைத்தாக வேண்டும். முன்பு டி.ஓ.க்களுக்கென்று தனிப் பயிற்சி இடங்களும் தனி அங்கீகாரக் குழுவும் இருந்தன. 2014-இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி ஐந்து வருஷத்தில் படிப்படியாக இணைக்கப்பட்டு, 2020 ஜூன் மாதத்துக்குப் பின் எல்லாருக்கும் ஒரே அங்கீகாரக் குழு, ஒரே அளவுகோல் என்று ஆகிவிட்டது. நள்ளிரவில் இருபது நோயாளிகளின் பெயர் எழுதிய தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வார்டில் நடமாடும் இரண்டு பயிற்சி வைத்தியர்களில் ஒருவன் எம்.டி.யாகவும் மற்றவன் டி.ஓ.வாகவும் இருக்கலாம். பொட்டாசியம் ஏறிவிட்டதென்று நர்ஸ் கூப்பிட்டால் இருவரும் ஒரே ஓட்டமாக ஓடுகிறார்கள். முதலில் இருதயத்தின் மின்வரைபடத்தை எடுக்கச் சொல்லி, பிறகு கால்சியத்தை ஏற்றச் சொல்கிறார்கள். விடிந்ததும் ஒரே பெரிய டாக்டரிடம், இன்ன காரணத்தால் இன்னது செய்தேன் என்று நின்றுகொண்டு பதில் சொல்கிறார்கள். வைத்தியன் உருவாவது இங்கே. நுழைந்த வாசலின் எண்ணை இங்கே எவரும் கேட்பதில்லை.

அனுமானமாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 65 வயதுக்கு மேற்பட்ட அரசாங்கக் காப்பீட்டு நோயாளிகள் 2016 முதல் 2019 வரை ஆஸ்பத்திரியில் படுத்த மூன்று லக்ஷத்துக்கு மேற்பட்ட சம்பவங்களை எடுத்துக்கொண்டு, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யுசுகே சுகாவா முதலானோர் ஆராய்ந்து 2023-இல் வெளியிட்டார்கள். எம்.டி.யிடம் சிகிச்சை பெற்றவர்களில் முப்பது நாளுக்குள் இறந்தோர் 9.4 சதவீதம், டி.ஓ.விடம் பெற்றவர்களில் 9.5 சதவீதம். திரும்பவும் ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தோர் முறையே 15.7, 15.6 சதவீதம். படுக்கையில் கழித்த நாள்களிலும் செலவிலும் பேதமில்லை. பட்டத்தின் உயர்வு தாழ்வு நோயாளியின் உயிரில் தெரியாவிட்டால், வேறெங்கே தெரிய வேண்டும் என்கிறார்கள்? பிள்ளையின் கல்யாணப் பத்திரிகையிலா?

துவேஷம் ஆதாரத்தைத் தேடி அலையும் என்பதற்கு 2020-ஆம் வருஷம் அக்டோபரில் ஓர் உதாரணம் கிடைத்தது. ஜனாதிபதி டிரம்ப் கொரோனாவால் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவருடைய வைத்தியர் ஷான் கான்லி, நோயின் கடுமையைக் குறைத்துப் பேசினார். அது தவறு, கண்டிக்கத் தக்கது. ஆனால் கண்டித்தவர்களில் பலர், அவர் எம்.டி. அல்லர், டி.ஓ. என்பதைக் கண்டுபிடித்து, குற்றத்தின் மூலம் அங்கேதான் என்பதுபோல் பேசினார்கள். அதே டிரம்பின் பழைய வைத்தியர் ஹெரால்ட் பார்ன்ஸ்டீன் அசல் எம்.டி. ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்படுவோருள் இவரைப்போல் ஆரோக்கியசாலி எக்காலத்திலும் இருந்ததில்லை என்ற பொருளில் 2015-இல் ஒரு நற்சான்று எழுதிக் கொடுத்துவிட்டு, அதன் வாசகத்தை டிரம்ப்தான் சொன்னார் என்று 2018-இல் ஒப்புக்கொண்டவர். அதைக் கேட்ட எவரும் எம்.டி. பட்டத்தைக் குறை சொல்லவில்லை. அந்த மனிதரைத்தான் சொன்னார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்! கான்லிக்குப் பின் பைடனுக்கு வைத்தியராக இருந்த கெவின் ஓகானரும் டி.ஓ.தான் என்பதை இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

கதவுகள் திறவா என்ற குற்றச்சாட்டே மூன்றிலும் வலிமையுடையது. அதற்குக் கொடுக்க வேண்டிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். மூளை அறுவை, உருவச் சீரமைப்பு அறுவை, சருமநோய் முதலிய சில துறைகளில் இடங்கள் மிகக் குறைவு; ஆராய்ச்சிக் கட்டுரைகளும் பெரிய பல்கலைக்கழக ஆஸ்பத்திரியின் சிபாரிசும் அங்கே வேண்டியிருக்கின்றன; டி.ஓ. கல்லூரிகளுக்கு மத்திய அரசின் ஆராய்ச்சிப் பணம் மிகச் சொற்பமாகவே வருவதால் அவற்றின் மாணவர்கள் அந்தப் பந்தயத்தில் பின்தங்கியே நிற்கிறார்கள். டி.ஓ. மாணவன் தனக்குரிய தேர்வோடு நில்லாமல், எம்.டி. மாணவர்களின் தேர்வையும் எழுதினால் நல்லது என்று பல பயிற்சி இடங்கள் எதிர்பார்ப்பதால், இரண்டு பரீட்சை, இரண்டு கட்டணம் என்ற தொல்லையும் அவனுக்கு உண்டு. மூளையைத் திறந்து அறுவை செய்வதைத் தவிர வேறு எதிலும் மனம் செல்லாத ஒருவனுக்கு எம்.டி. கல்லூரியில் இடம் கிடைத்தால், அவன் அதை விட்டுவிடக் கூடாது என்றே நானும் சொல்வேன்.

ஆனால் இதிலிருந்து, எப்படிப்பட்ட எம்.டி.யும் எந்த டி.ஓ.வையும் விட மேல் என்று முடிவுகட்டி, கரீபியன் தீவுகளில் லாபத்துக்காக நடத்தப்படும் எம்.டி. கல்லூரிகளுக்குப் பிள்ளைகளை அனுப்புகிறார்களே, அந்தப் பேதைமையைத்தான் சகிக்க முடியவில்லை. 2024-இல் ரெசிடென்சி இடம் தேடியவர்களில், அமெரிக்க எம்.டி. கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்களில் 93 சதவீதத்துக்குச் சற்று மேற்பட்டோருக்கும், டி.ஓ. கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்களில் 92 சதவீதத்துக்குச் சற்று மேற்பட்டோருக்கும் இடம் கிடைத்தது. வெளிநாட்டுக் கல்லூரிகளில் படித்துத் திரும்பிய அமெரிக்கப் பிரஜைகளில் கிடைத்தது சுமார் 67 சதவீதத்தினருக்கு. முதலிரண்டுக்கும் இடையே ஓர் அங்குலம். அவற்றுக்கும் மூன்றாவதற்கும் இடையே ஒரு பள்ளத்தாக்கு. அந்த 67-இலும், இரண்டாம் வருஷத்திலேயே தேறாமல் கடனோடு வீடு திரும்பியவர்கள் கணக்கில் வருவதில்லை; கடைசிவரை தாக்குப் பிடித்தவர்களின் கணக்கு மட்டுமே அது. பட்டத்தின் எழுத்து சரியாக இருக்கிறது, பயிற்சிக்குத்தான் இடமில்லை என்று முப்பது வயதில் வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு எம்.டி.யைக் கண்டவர்களுக்கு, இந்த எழுத்து மோகத்தின் விலை தெரியும்.

ஆஸ்டியோபதியின் பக்தர்கள் என்னை இங்கே தழுவிக்கொள்ள வருவார்களானால், அவர்களையும் சற்று எட்ட நிற்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. மற்றவர்கள் நோயைப் பார்க்கிறார்கள், நாங்களோ முழு மனிதனைப் பார்க்கிறோம் என்ற அவர்களுடைய விளம்பரம், எம்.டி.க்களில் முழு மனிதனைப் பார்க்கும் எண்ணற்றவர்களுக்கு அவமரியாதை. இடுப்பு வலிக்கு அவர்களுடைய கைச்சிகிச்சை வழக்கமான சிகிச்சைக்குச் சமமான பலன் தந்தது, மருந்தின் தேவையும் குறைந்தது என்று 1999-இல் வந்த நல்லதோர் ஆராய்ச்சியை நான் மதிக்கிறேன். மண்டையோட்டின் எலும்புகளை விரலால் அசைத்து நோய் தீர்ப்பதாகச் சொல்லும் பாடத்தை இன்னும் சில வகுப்புகளில் வைத்துக்கொண்டிருப்பதை மதிக்கவில்லை. அக்கைச்சிகிச்சையைக் கற்றவர்களில் மிகப் பலர் தொழிலுக்கு வந்தபின் அதை அபூர்வமாகவே கையாள்கிறார்கள் என்பதையும் அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். இவற்றைவிடப் பெரிய குறை வேறொன்று. சொந்த ஆஸ்பத்திரி இல்லாமலே புதிது புதிதாகக் கல்லூரிகளைத் திறந்துகொண்டு, மூன்றாம் வருஷ மாணவனைப் பெட்டி படுக்கையோடு இந்த ஊருக்கு ஆறு வாரம், அந்த ஊருக்கு நான்கு வாரம் என்று அலையவிடுகிற வழக்கம் அவர்களில் சிலரிடம் வளர்ந்து வருகிறது. கொலராடோவில் 2008-இல் லாப நோக்கத்தோடு ஒரு டி.ஓ. கல்லூரி தொடங்கியபோது முகம் சுளித்தவர்களில் டி.ஓ.க்களே பலர். இதே காலத்தில்தான், கென்டக்கி மலைநாட்டில் பைக்வில் என்ற சிற்றூரிலும் ஒரு கல்லூரி 1997 முதல், பெரிய கல்லூரிகள் திரும்பியும் பாராத சுரங்கத் தொழிலாளர் கிராமங்களுக்கு வைத்தியர்களைத் தயார் செய்து வருகிறது. இரண்டும் டி.ஓ. கல்லூரிகளே. ஒரே பட்டத்துக்குள் இத்தனை பேதம் இருக்கும்போது, இரண்டு பட்டங்களுக்கு இடையிலுள்ள பேதத்தை மட்டும் அளந்துகொண்டிருப்பது எதற்காக?

ஆகையால், தேர்வு செய்ய வேண்டியது பட்டத்தை அன்று, கல்லூரியை. சொந்த மாகாணத்து எம்.டி. கல்லூரியில் குறைந்த கட்டணத்தில் இடம் கிடைத்தவன், ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல் கேட்கும் தனியார் டி.ஓ. கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை. அவ்வாறே, சொந்த மாகாணத்து டி.ஓ. கல்லூரியில் இடம் கிடைத்தவன், எங்கோ தூரத்தில் இரட்டிப்புக் கட்டணம் கேட்கும் எம்.டி. கல்லூரியை நாடிக் கடனில் மூழ்கவும் வேண்டியதில்லை. மிஷிகன் மாகாணப் பல்கலைக்கழகம் இரண்டு பட்டங்களுக்கும் இரண்டு கல்லூரிகளை நடத்துகிறது என்பதை அவன் எண்ணிப் பார்க்கட்டும். 2025-இல் நிறைவேறிய சட்டத்தின்படி, 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்கும் வைத்திய மாணவனுக்கு மத்திய அரசு கொடுப்பது ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தத்தில் 2,00,000 டாலர் என்ற வரம்புக்குள் அடங்கிவிடும். மீதியைத் தனியாரிடம் வட்டிக்கு வாங்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கல்லூரியைப் பார்க்கப் போகும்போது, கட்டடத்தையும் பொம்மை நோயாளிகள் படுத்திருக்கும் கண்ணாடி அறையையும் பார்த்து மயங்காமல், மூன்றாம் நான்காம் வருஷங்களில் என் பிள்ளை எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை படுக்கை உள்ள ஆஸ்பத்திரியில் நிற்பான், அங்கே பயிற்சி வைத்தியர்கள் இருக்கிறார்களா, சேர்ந்த எத்தனை பேரில் எத்தனை பேர் குறித்த காலத்தில் முடித்தார்கள், முடித்தவர்கள் எந்த ஊரில் எந்தத் துறையில் இடம் பெற்றார்கள் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் கொடுக்கத் தயங்கும் கல்லூரியிலிருந்து, அது எந்தப் பட்டத்தைக் கொடுப்பதாயினும், பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.